‘100 வருஷத்து பர்மா தேக்கு’ அலமாரி: காசு கொடுக்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்?

“சார், நூறு வருஷத்து பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீட்டுச் சாமான். இனிமே இந்த மாதிரி கிடைக்காது.”

பழைய மரச் சாமான் விற்கும் கடைகளில் இந்த மூன்று வாக்கியங்களையும் அடிக்கடி கேட்கலாம். மூன்றுமே உண்மையாக இருக்கலாம்; மூன்றுமே கதையாகவும் இருக்கலாம். புது ஃபிளாட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பழைய புத்தக அலமாரி நின்றால் அழகுதான். ஆனால், ஏமாந்தால் போவது காசு மட்டுமல்ல. மரத்தைத் தின்னும் வண்டும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும்.

நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? முகப்பில் உள்ள வேலைப்பாட்டையும் பாலிஷையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அலமாரியின் முதுகு, அடிப்பக்கம், இழுப்பறையின் உள்பக்கம். பதில் இந்த மூன்று இடங்களில்தான் இருக்கிறது.

ஆன்டிக் வேறு, விண்டேஜ் வேறு

பொதுவாக 100 ஆண்டுகளைத் தாண்டியதைத்தான் ஆன்டிக் என்கிறார்கள். அதைவிட இளையது, ஆனால் ஒரு காலகட்டத்தின் பாணியைச் சொல்வது விண்டேஜ். 1960களில் செய்த தேக்கு அலமாரி நல்ல விண்டேஜ். அதை ஆன்டிக் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, தொல்பொருட்களைத் தனிநபர்கள் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. பழைய சாமானை கன்டெய்னரில் ஏற்றும் திட்டம் இருந்தால், ‘இது தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் பற்றி முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

செட்டிநாட்டுக் கதையில் எவ்வளவு உண்மை?

கதைக்கு அடித்தளம் இருக்கிறது. நகரத்தார் பர்மாவில் பெரிய அளவில் தொழில் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கட்டிய அவர்களுடைய வீடுகளுக்கு அங்கிருந்து தேக்கு கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வாழ்க்கை குலைந்தது. பிறகு பராமரிக்க முடியாத பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அந்தச் சாமான்கள் வந்து சேரும் இடங்களில் ஒன்றுதான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள்.

ஆனால் பர்மா தேக்கும் கேரளத்து நிலம்பூர் தேக்கும் ஒரே மர இனம். பாலிஷ் போட்ட பலகையைக் கண்ணால் பார்த்து ‘இது பர்மாதான்’ என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வயதைச் சொல்லும் தடயங்கள்

திருகாணி: தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழையதாக இருக்கலாம். ப்ளஸ் குறி போட்ட திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களில்தான். ஒன்றிரண்டு மட்டும் ப்ளஸ் என்றால் பிற்காலப் பழுதுபார்ப்பு என்று விட்டுவிடலாம். எல்லா மூட்டிலும் ப்ளஸ் என்றால் ‘நூறு வருஷம்’ அடிபட்டுப் போகிறது.

இழுப்பறை: முழுதாக வெளியே உருவிப் பாருங்கள். ஓரங்கள் புறா வால் மாதிரி விரிந்த பற்களால் கோர்க்கப்பட்டிருக்கும். கையால் அறுத்த பற்கள் துல்லியமாக ஒரே அளவில் இருக்காது. வருஷக்கணக்கில் இழுத்து மூடியிருந்தால் அடிவிளிம்பு தேய்ந்திருக்க வேண்டும். சாவித் துவாரத்தைச் சுற்றிச் சாவிக்கொத்து உரசிய கீறல்களும் இருக்கும்.

நிறம்: வெளிச்சமும் கையும் படாத உள்பக்கம் வேறு நிறத்தில் இருப்பதுதான் இயல்பு. உள்ளும் புறமும் ஒரே கறுப்பு என்றால் சாயம் பூசியிருக்கலாம்.

முதுகு: எம்டிஎஃப் பலகை இருந்தால் முதுகை மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் முழுச் சாமானுமே புதுசு.

அடைத்த ஓட்டைகள்: காரணமே இல்லாத இடத்தில் பழைய ஆணித் துளைகளும் அடைத்த பள்ளங்களும் தெரிகிறதா? இடித்த வீட்டின் கதவையோ உத்தரத்தையோ அறுத்துப் புதிதாகச் செய்த அலமாரியாக இருக்கலாம். இதில் தப்பில்லை, மரம் நல்ல மரமாகவே இருக்கும். ஆனால் கடைக்காரர் அதைச் சொல்லி விற்க வேண்டும். விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ஓரளவாவது பதில் சொல்பவரிடம் வாங்குவது நல்லது.

துணி அலமாரியில் புத்தகமா?

பலரும் சறுக்கும் இடம் இது. துணிக்காகச் செய்த அலமாரி ஏறக்குறைய 20 அங்குல ஆழம் இருக்கும். புத்தகத்துக்கு 10 முதல் 12 அங்குலம் தாராளம். ஆழமான தட்டில் இரண்டு வரிசை அடுக்குவோம். பின்வரிசையை அப்புறம் நாமே மறந்துவிடுவோம்.

அடுத்து எடை. ஓர் அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் சுமார் 10 கிலோ வரை வரும். மூன்றடித் தட்டு என்றால் 30 கிலோ. தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கி முழுக்கப் புத்தகம் வைத்தால், அதே தடிமன் பலகை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு தொய்யும். புத்தகத்துக்கென்றே செய்த பழைய அலமாரிகளில் தட்டுகள் குட்டையாகவோ நடுவில் தாங்குகட்டையோடோ இருப்பது சும்மா இல்லை. தட்டின் முன்விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வளைந்திருந்தால் தெரிந்துவிடும்.

வண்டு இருக்கிறதா, போய்விட்டதா?

குண்டூசித் துளைகள் இருப்பதாலேயே அலமாரியை ஒதுக்க வேண்டாம். அந்த வண்டு எப்போதோ வெளியேறியிருக்கலாம். துளைக்குக் கீழே புதிதாக மாவு கொட்டுகிறதா என்பதுதான் கேள்வி. தட்டிவிட்டு, அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் வைக்கச் சொல்லுங்கள். தாளில் மாவு விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

தேக்கில் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைப் பூச்சி எளிதில் தொடாது. வெளிறிய ஓரப்பகுதியைத் தின்றுவிடும். கால்களின் அடியைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். ஈரத் தரையில் நின்று முதலில் கெடுவது அங்கேதான். மண் கோடு போட்டிருந்தால் கரையான் வந்துபோயிருக்கிறது.

பழைய பெயின்ட், ஜாக்கிரதை

வெளிறிய பச்சை, நீலம் என்று பெயின்ட் உரிந்த அலமாரிகளுக்கு இப்போது மவுசு அதிகம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் உடலுக்குள் போகும். மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் உரிகிற பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

விலை பேசும்போது

ஒரு எளிய கணக்கு உதவும். 6 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள பலகை அரை கன அடி மரம். அலமாரியின் பலகைகளை இப்படித் தோராயமாகக் கூட்டி, மரக்கடையில் தேக்கு கன அடி விலையைக் கேளுங்கள். ஆசாரி கூலியையும் சேர்த்தால், இதையே புதிதாகச் செய்ய எவ்வளவு ஆகும் என்று தெரியும். கடைக்காரர் அதற்கு மேல் கேட்பதுதான் வயதுக்கான விலை. மேலே சொன்ன தடயங்கள் இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லையென்றால் மரத்துக்கு மட்டும் பேசுங்கள். ஏற்றுகூலி, பழுது, பாலிஷ் செலவு தனி.

முன்பணம் கொடுக்கும் முன் வீட்டு வாசல், லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அலமாரியின் மேல்பகுதி தனியாகக் கழலுமா என்றும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும்; கூடவே ஈரத்தையும் உள்ளே அடைத்து வைக்கும். அதனால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் திறந்து விடுங்கள். கனமான புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். உயரமான அலமாரி என்றால், அந்த இடைவெளிக்கேற்ற இரும்புப் பட்டையால் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். இழுப்பறையைப் படிக்கட்டாக நினைத்து ஏறும் குழந்தை வீட்டில் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.