கடலைத் தோலோடு நின்றுவிடும் மின்னல்

எரிந்துகொண்டிருக்கும் ட்யூப்லைட்டைத் தொட்டால் கை சுடுவதில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான்களின் வெப்பநிலையைக் கணக்கிட்டால் 10,000 டிகிரியைத் தாண்டும். ஆக்சிஜன் அணுவைவிட எலக்ட்ரான் ஏறத்தாழ 29,000 மடங்கு எடை குறைந்தது; ஈ மோதி யானை நகருமா? எலக்ட்ரான் துள்ளுகிறது, வாயு குளிர்ந்தே கிடக்கிறது. ஆனாலும் இதே மின்னலைக் காற்றில் உண்டாக்கினால், அந்த மோதல்களில் காற்றின் மூலக்கூறுகள் உடைந்து ஓசோன், தனி ஆக்சிஜன், நைட்ரஜன் ஆக்சைடு என்று வினைத்துடிப்புள்ள துணுக்குகள் பிறக்கின்றன. இதுதான் குளிர் பிளாஸ்மா. ரத்தப் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. அந்தப் பெயரை 1928இல் இதற்குச் சூட்டியவர் இர்விங் லாங்மியூர்.

இந்த மின்னலை அரிசி, பருப்பு பக்கம் திருப்பியவர்களில் ஒருவர் மும்பை வேதித் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.சி.டி.) உணவுப் பொறியியல் பேராசிரியர் உதய் அன்னபூரே. அவர் குழு 2015இல் பாஸ்மதி அரிசியையும், 2017இல் உளுந்தையும் நிலக்கடலையையும் ஆராய்ந்தது. பின்னவை இரண்டும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை. 'வம்பன்' உளுந்து ரகங்களைத் தந்த தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் ஆலங்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் செம்மண்ணில் கடலை விளைகிறது. பிளாஸ்மா பட்ட உளுந்தின் மேல்தோல் நுண்ணியதாக அரிக்கப்பட்டுத் தண்ணீரை எளிதில் உறிஞ்சுகிறது, வேகும் நேரம் குறைகிறது. கடலைக் கதை இன்னும் முக்கியமானது. காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்தால் மானாவாரிக் கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை தொற்றி அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்த பிறகே உலகம் அதை அடையாளம் கண்டது. சாதாரணச் சமையல் சூட்டுக்கு அது முழுதாக அடங்காது. அன்னபூரே குழுவின் சோதனையில் 60 வாட் பிளாஸ்மா, ஒரு குண்டு பல்பு தின்கிற மின்சாரம், பூஞ்சை வளர்ச்சியை 97 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது.

பிளாஸ்மா மேற்பரப்போடு நின்றுவிடுகிறதே, பருப்புக்குள் ஏற்கெனவே ஊறிய நஞ்சை என்ன செய்யும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கு இது மருந்தல்ல. ஆனால் அந்தக் குறையேதான் இதன் பலமும். உள்ளே போகாததால்தான் பருப்பு வேகாமல், விதை முளைப்புத்திறன் கெடாமல் தப்பிக்கிறது. ஆகவே இதற்கான இடம், ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் வரக் காயவைத்து, சொத்தைகளைப் பொறுக்கிய பிறகு, குடோனுக்குள் போகுமுன். அந்த இரண்டு வேலைகளையும் எந்த இயந்திரமும் தேவையற்றதாக்கிவிடாது. இன்னொரு கேள்வி எண்ணெய் பற்றியது: கடலையில் பாதியளவு எண்ணெய்தான், துடிப்பான ஆக்சிஜன் பட்டால் சிக்கு வாடை வராதா? நேரம் மீறினால் வரும். தோல் நீக்காத பருப்பை நிமிடக் கணக்கு பார்த்துக் காட்டுவதுதான் வழி.

வெற்றிட அறையில் ஒவ்வொரு கூடையாக வைத்து எடுப்பது மில்லுக்குக் கட்டுப்படியாகாது என்பதே இருப்பதில் கனமான ஆட்சேபம். மும்பைச் சோதனைகள் அப்படிப்பட்ட அறையில்தான் நடந்தன. அதற்கு விடை பழைய சரக்கில் இருக்கிறது. 1857இல் ஓசோன் தயாரிக்க வெர்னர் வான் சீமென்ஸ், இரு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியைத் தடுப்பாக வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே இதே மின்னலை உண்டாக்கினார். அந்த இடைவெளியில் பெல்ட் ஓடலாம். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரமும், ஓசோனை வெளியேற்றும் புகைபோக்கியும் வேண்டும் என்பதால் இது விவசாயியின் களத்துமேட்டுக்கு வராது. நாலு ஊர் கடலையை உடைக்கும் மில்லில்தான் நிற்கும்.