பீங்கானில் நிற்கும் தெரு வணிகர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனின் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே கண்ணாடிப் பேழை ஒன்றில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத பீங்கான் உருவங்கள் சில என்னை நிறுத்தின. தெருவில் கூவி விற்போரின் உருவங்கள் அவை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். அரண்மனைக்குரிய விலையுயர்ந்த பொருளில் ஏழை வணிகரின் உருவம் எதற்காக வடிக்கப்பட்டது என்ற கேள்வி அன்று எழுந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உயர்தரப் பீங்கானுக்கு ஐரோப்பா சீனாவையும் ஜப்பானையுமே நம்பியிருந்தது. இறக்குமதிக்குச் செல்வம் கரைந்தது. செயற்கையாகத் தங்கம் செய்யத் தெரியும் என்று கூறிய பெட்கர் என்ற இளைஞரைச் சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் காவலில் வைத்து ஆய்வு செய்யச் சொன்னார். தங்கம் கிடைக்கவில்லை, பீங்கான் செய்யும் நுட்பம் கிடைத்தது. 1710-இல் மைசென் நகரில் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. மக்கள் பீங்கானை 'வெள்ளைத் தங்கம்' என்றே அழைத்தனர்.

அக்கால அரச விருந்துகளின் இறுதியில் இனிப்பு பரிமாறும் மேசையைச் சர்க்கரையால் செய்த சிற்பங்களால் அலங்கரிப்பது வழக்கம். அவற்றின் இடத்தைப் படிப்படியாகப் பீங்கான் உருவங்கள் பிடித்தன. 1731-இல் மைசென் ஆலையில் சேர்ந்த சிற்பி கேண்ட்லர் இக்கலையை உச்சத்திற்குக் கொண்டுசென்றார். அதே காலத்தில் பாரிஸில் பூஷார்டோன் என்ற கலைஞர் தெரு வணிகர்களை வரைந்தார். அவை 1737 முதல் 1746 வரை அறுபது அச்சுப் படங்களாக வெளிவந்தன. அவற்றைப் பார்த்து மைசென் ஆலை முதலில் சில உருவங்களை வடித்தது. பின்னர் கிறிஸ்டோஃப் யூவேயின் ஓவியங்களைக் கொண்டு கேண்ட்லரும் ரைனிக்கேயும் 1753-ஐ ஒட்டி 'பாரிஸ் நகரத்துக் கூவல்கள்' என்ற புகழ்பெற்ற வரிசையை உருவாக்கினர்.

'கூவல்கள்' என்ற பெயரிலேயே ஒரு பொருளியல் இருக்கிறது. பாரிஸில் பெரும்பாலான தொழில்களைத் தொழிற்சங்கங்கள் தம் பிடியில் வைத்திருந்தன. பூச்செண்டு கட்டி விற்பதற்குக்கூட ஒரு சங்கம் இருந்தது. அதில் உறுப்பினராகக் கட்டணம் வேண்டும். அது இயலாத ஏழைகளுக்குத் தெருவே கடை, குரலே விளம்பரம். ஆளுக்கொரு மெட்டு, வீட்டுக்குள் இருப்பவர் குரலைக் கேட்டே வருபவர் யார் என்று அறிந்துகொள்வார்.

பீங்கானில் அந்தக் குரல் இல்லை. சேறும் வியர்வையும் இல்லை. ஆடை தூய்மையாக இருக்கிறது, கன்னம் சிவந்திருக்கிறது, சுமை தோளை அழுத்துவதாகத் தெரியவில்லை. உழவராகவும் வணிகராகவும் வேடமிட்டு மகிழ்ந்த அரசவையினருக்கு ஏழ்மை இந்த வடிவில்தான் தேவைப்பட்டது. கலைஞரின் திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. களிமண் சூளையில் சுமார் ஆறில் ஒரு பங்கு சுருங்கும் என்பதைக் கணக்கிட்டு, தனித்தனி அச்சுகளில் வார்த்த கையையும் கூடையையும் இணைத்து, அசைவு தோன்றச் செய்வது எளிதன்று. அத்தனை உழைப்பும் தெரு வணிகரின் தோற்றத்திற்குக் கிடைத்தது. அவருடைய வாழ்வுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் வாதம்.

வாழ்வின் பக்கம் ஒருவர் நின்றார். 1776-இன் தொடக்கத்தில், பிரெஞ்சு நிதிப்பொறுப்பை ஏற்றிருந்த பொருளியலறிஞர் துர்கோ பாரிஸின் தொழிற்சங்கங்களை ஒழிக்க ஆணை பிறப்பித்தார். உழைக்கும் உரிமை மனிதனின் உடைமை என்பது அவர் கொள்கை. பூ விற்பவள் சங்கத்தின் அனுமதியின்றி விற்கலாம் என்பது அதன் எளிய பொருள். எதிர்ப்பு வலுத்தது, மே மாதம் அவர் பதவி இழந்தார், சங்கங்கள் மீண்டும் உயிர்பெற்றன. 1791-இல்தான் அவை நிலையாக ஒழிந்தன. பொம்மைகளை ரசித்த வர்க்கமும் துர்கோவை வீழ்த்திய வர்க்கமும் வேறு வேறல்ல.

இன்று அவ்வரிசையின் நல்ல உருவம் ஒன்று ஏலத்தில் பல ஆயிரம் டாலர் பெறும். அரிதானதற்கு விலை உண்டு என்று வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன். தெரு வணிகரை 'அமைப்புசாராத் துறை' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்தும் போயிருக்கிறேன். என் வாசலில் கூவியவரிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசியதும் நினைவிருக்கிறது. மறைந்துபோன வணிகரைப் பேழையில் வைத்துப் போற்றுவது எளிது. நடைபாதையில் நிற்பவருக்கு நிற்கும் இடத்தை உறுதிசெய்வதே கடினம். ஒரு சமூகம் உழைப்பை மதிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.