சிறு கடைக்கு ஒரு வலைத்தளம் – 6: வாடகையைக் குறைத்த ஒற்றை வரி

தளப்பெயர் கடை உரிமையாளரின் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்பது சென்ற வாரம் போதிய அளவு சொல்லப்பட்டுவிட்டது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். வடிவமைப்பாளர் தரும் கொட்டேஷனை வரிவரியாகப் படிக்கும் முறை இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும், அந்தக் கொட்டேஷனில் பெரும்பாலும் மிகச் சிறிய தொகையோடு நிற்கும் ‘ஹோஸ்டிங்’ என்ற வரி எப்படி அவ்வளவு மலிவாயிற்று என்ற கதையைத் தாண்டிச் செல்வது எளிதாக இல்லை.

எந்நேரமும் இணையத்தோடு தொடர்பிலிருக்கும் சர்வர் என்னும் கணினியில் தளத்தின் கோப்புகளை வைத்திருப்பதற்குத் தரும் வாடகையே ஹோஸ்டிங் கட்டணம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து, செலவை அவற்றுக்குள் பிரித்துவிடும் ஏற்பாடு ஷேர்டு ஹோஸ்டிங் எனப்படுகிறது; பாத்திரக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் டியூஷன் சென்டருக்கும் இதுவே போதுமானது.

1990களின் நடுப்பகுதியில் இந்தப் பகிர்வு எளிதாக அமையவில்லை. பிரவுசர் ஒரு பக்கத்தைப் பெற முற்படும்போது, தளப்பெயருக்குரிய ஐபி முகவரி என்னும் எண்ணைக் கண்டறிந்து, அந்த எண்ணில் இருக்கும் சர்வரிடம் பக்கத்தின் பாதையை மட்டுமே சொல்லும். எந்தத் தளத்தின் பக்கம் என்பதைச் சொல்லாது. ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த வீட்டுக்குத் தெருவும் கதவு எண்ணும் மட்டும் எழுதி, பெறுநர் பெயரில்லாமல் வந்த கடிதத்தின் கதைதான் அது. ஆகவே ஒரே சர்வரில் இருந்தாலும் தளத்துக்கு ஒரு தனி ஐபி முகவரி ஒதுக்க வேண்டியிருந்தது. 32 பிட் நீளமுள்ள அம்முகவரிகளோ மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். அவற்றின் உலகளாவிய மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தே போயிற்று.

ராய் ஃபீல்டிங், டிம் பெர்னர்ஸ்-லீ உள்ளிட்ட ஐவரின் பெயரில் 1997 ஜனவரியில் வெளியான பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபி 1.1-இன் வரையறை, சில பிரவுசர்கள் முன்பே அனுப்பத் தொடங்கியிருந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கியது. ‘ஹோஸ்ட்’ எனத் தொடங்கித் தளப்பெயரைச் சொல்லும் அவ்வரி இல்லாமல் வரும் கோரிக்கையை, 400 என்ற பிழை எண்ணோடு சர்வர் திருப்பிவிட வேண்டும். தன் மிக முக்கியமான மாற்றங்களுள் இதுவும் ஒன்று என்று அந்த ஆவணமே கூறுகிறது. ஆனால் அதைப் பின்னிணைப்பில் ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பெறுநர் பெயரைச் சொல்லும் இவ்வரி வந்தபின் ஒரே ஐபி முகவரியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ள முடிந்தது. இன்று சில நூறு ரூபாய் மாத வாடகையில் ஒரு சிறு கடை இணையத்தில் நிற்க முடிவதற்கு, மலிவான வன்பொருளுக்கு இணையாக இவ்வரிக்கும் பங்குண்டு.

இதே சிக்கல் இன்னொரு முறையும் வந்தது. தகவலை மறையாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறையில், ஹோஸ்ட் வரியைப் படிக்கும் முன்னரே சர்வர் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். எந்தத் தளத்தின் சான்றிதழைக் காட்டுவது என்பது அதற்குத் தெரியாது. பாதுகாப்புத் தொடர்பின் முதல் செய்தியிலேயே தளப்பெயரைச் சேர்க்கும் எஸ்என்ஐ என்ற நீட்டிப்பு 2003இல் வரையறுக்கப்பட்ட போதிலும், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதை அறியாததால், அந்தக் கணினிகள் புழக்கத்திலிருந்து குறையும்வரை தனி ஐபிக்குத் தனிக் கட்டணம் நீடித்தது. 2015 இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை, சான்றிதழையும் இலவசமாக்கியது.

எனவே, ‘தனி ஐபி’, ‘எஸ்எஸ்எல் ஆண்டுக் கட்டணம்’ (எஸ்எஸ்எல் என்பது இந்தச் சான்றிதழையே குறிக்கும்) என்ற வரிகள் இன்றைய கொட்டேஷனில் காணப்பட்டால், அவை எதற்காக என்று உரிமையாளர் கேட்பது முறையே. நிறுவிப் பராமரிக்கும் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை. இலவசச் சான்றிதழை விலைக்கு வாங்கியதாகக் காட்டுவது வேறு. முதலாண்டுச் சலுகை விலையைவிட, இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணத்தை எழுத்தில் பெறுவதே பயனுடையது. மலிவான பகிர்வுக்கு ஒரு குறையும் உண்டு: அதே சர்வரிலிருந்து வேறொருவர் குப்பை மின்னஞ்சல்களை அனுப்பினால், கடையின் மின்னஞ்சல்களும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் விழக்கூடும்.

கொட்டேஷனின் பெருந்தொகை வடிவமைப்பில்தான் இருக்கிறது. ஆயத்தத் தீம் ஒன்றை வாங்கி நிறம் மாற்றித் தருவதையும் புதிதாக வடிவமைப்பதையும் பிரித்தறியும் வழி அடுத்த வாரத்துக்கு.