கடைசி எழுத்துவரை படிக்க வேண்டிய எண்

ரூட்டர், சுவிட்ச் முதலிய பிணையக் கருவிகளை இயக்கும் மென்பொருளின் பதிப்பு எண்ணில் புள்ளிகள் இருப்பதால் பலர் அதைத் தசம எண்ணாகவே படித்துவிடுகின்றனர். சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் எக்ஸ்ஈ மென்பொருளில் 17.9 புதியதா, 17.12 புதியதா என்ற குழப்பம் இதனால்தான் எழுகிறது. பட்டாவில் புல எண்ணையும் உட்பிரிவையும் பிரிக்கும் சாய்கோட்டின் வேலையைத்தான் இந்தப் புள்ளி செய்கிறது. 45/9-க்கு அடுத்த உட்பிரிவு 45/10 ஆவதுபோல், 17.9-ஐ அடுத்து 17.10, 17.11, 17.12 ஆகியவை வெளிவந்தன. கருவியில் ‘ஷோ வெர்ஷன்’ என்ற கட்டளையை இட்டால் முதல் வரியில் 17.09.04 என்று பூச்சியம் சேர்த்தே காட்டுவது இந்த மயக்கத்தைத் தீர்க்கப் பெரிதும் உதவும்.

இவ்வெண்ணில் 17 என்பது தலைமுறை. 9 என்பது புதிய வசதிகளோடு வந்த வெளியீடு. 4 என்பது அவ்வெளியீட்டின் பிழைகளைக் களைந்து தந்த மறுவெளியீடு. நடுவிலுள்ள எண் பெரிதாக இருப்பதாலேயே அது மேலானது என்று கொள்ளலாகாது. 17.3, 17.6, 17.9, 17.12 என மூன்றுக்கு ஒன்றாக வருபவை நீண்டகால ஆதரவுக்குரியவை. அவற்றுக்கு 36 மாதம் ஆதரவு உண்டு, இடைப்பட்டவற்றுக்கோ 12 மாதமே. ஆகவே, இரவில் சில மணி நேரம் இணைப்பை நிறுத்துவதற்கே பல மாதம் காத்திருக்க வேண்டிய மருத்துவமனையோ வங்கியோ 17.11-ஐத் தேர்ந்தால், ஓராண்டுக்குள் அதே வேலையை மீண்டும் செய்ய நேரும். ஜூனிப்பர் நிறுவனத்தின் முறை வேறு: அங்கே 21.4 என்பது 2021-ஆம் ஆண்டின் நான்காம் காலாண்டைக் குறிக்கும்.

இவற்றினும் நுட்பமானது, எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை எழுத்து. 2023 அக்டோபர் 16 அன்று, ஐஓஎஸ் எக்ஸ்ஈயின் வலைவழி நிர்வாகப் பக்கத்தில் ஓர் ஓட்டை இருப்பதை சிஸ்கோ அறிவித்தது. அந்தப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருந்தால், கடவுச்சொல் அறியாத வெளியாள் ஒருவர் முழு அதிகாரமுள்ள கணக்கொன்றைத் தாமே உருவாக்கிக்கொள்ள முடிந்தது. தீவிர அளவுகோலில் அதற்கு 10-க்கு 10 தரப்பட்டது. அறிவிப்புக்கு முன்பே தாக்குதலும் தொடங்கியிருந்தது. அம்மாதம் 22-இல் வந்த முதல் திருத்தத்தின் பெயர் 17.9.5 அன்று, 17.9.4ஏ. பிற வரிசைகளுக்கும் 17.6.6ஏ, 17.3.8ஏ என்றே திருத்தங்கள் வந்தன. 45/2 வேறு, 45/2ஏ வேறு என்பதைப் பத்திரம் எழுதுவோர் ஒருபோதும் மறப்பதில்லை, ஆனால் “17.9.4 தானே, போட்டாயிற்று” என்று பதிவேட்டில் குறித்துவிட்ட இடத்தில் அந்த ஓட்டை திறந்தபடியே கிடக்கும்.

ஓடுகிற கருவியை ஏன் தொட வேண்டும் என்ற தயக்கம் நியாயமானதே, ஆயினும் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதைப் பொறுப்பின்மை என்றே சொல்ல வேண்டும். மேம்படுத்தும் திட்டத்தை எழுதுவோர், ஒவ்வொரு கருவியின் இப்போதைய பதிப்பையும் இலக்குப் பதிப்பையும் கடைசி எண்வரை, எழுத்து இருந்தால் அந்த எழுத்துவரை, பார்த்து எழுத வேண்டும்.