வெள்ளையடிப்பதற்கு முன்னால்

கலிஃபோர்னியாவில் மகளோடு சில மாதம் இருந்துவிட்டு வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் வாங்கியிருப்பது பாசடீனாவில் ஒரு பழைய வீடு. கூடத்துக் கணப்பைச் சுற்றி மங்கிய பழுப்பில் மயிலும் திராட்சைக் கொடியுமாக ஓடுகள் பதித்திருக்கிறதாம். "அழுது வடிகிறது, வெள்ளை பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. அடிக்கலாமா?"

மாப்பிள்ளை கொஞ்சம் பொறுக்கட்டும். அந்த ஊர், அந்த நிறம், அந்த மயில் எல்லாவற்றையும் பார்த்தால் எர்னஸ்ட் பேச்சல்டர் பட்டறை ஓடுகளாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அலங்காரக் கலை வாத்தியாரான அவர், 1910 வாக்கில் பாசடீனாவில் தன் வீட்டுக் கொல்லையிலேயே சூளை போட்டார். பளபளவென்று எந்திரம் கக்கிய ஓடுகள் அலுத்துப்போய் ஜனங்கள் கைவேலையைத் தேடிய காலம். பென்சில்வேனியாவில் ஹென்றி மெர்சர், டெட்ராய்ட்டில் மேரி சேஸ் பெரி என்று பலரும் இதே வேலையில் இறங்கியிருந்தார்கள். இத்தனைக்கும் வீட்டைச் சூடாக்க வேறு வசதிகள் வந்துவிட்டன. குடும்பம் கூடி உட்கார ஓர் இடம் வேண்டுமே என்றுதான் கணப்பை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பேச்சல்டர் நிறமேற்றிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈரக் களிமண்ணைக் கையால் அச்சில் அழுத்தி எடுப்பார்கள். அதன்மேல் நிறம் கலந்த மண்குழம்பைப் பூசி, மேடான பகுதிகளை மட்டும் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் நீலம் தங்கும், மேட்டில் மண்ணின் சொந்த நிறம் தெரியும். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அன்னத்தின் இறகிடுக்கில் கறுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். இறகு இறகாகத் தெரிவதே அதனால்தான். பேச்சல்டர் அதை வேண்டுமென்றே செய்தார். பிறகு ஒரே சுடுதல், கண்ணாடி மெருகு கிடையாது. ஓர் ஓடு தேன் நிறத்தில் வரும், பக்கத்து ஓடு சாக்லேட் நிறத்தில் வரும். கலந்து பதிப்பதுதான் அழகு.

மெருகில்லாத மண் என்பதால் பெயிண்ட் நுண்துளைகளில் இறங்கிவிடும். அப்புறம் ரிமூவர் தடவி, பள்ளம் பள்ளமாகச் சுரண்ட வேண்டும். சுரண்டுகிற வேகத்தில் நீலமும் போகலாம். அசல் ஓடு இனி வரப்போவதில்லை. பொருளாதார மந்தத்தில் பட்டறை 1932இல் மூடப்பட்டுவிட்டது. நூறு வருஷத்து வீட்டை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அதை நேற்றுக் கட்டிய ஃபிளாட் மாதிரி ஆக்கத் துடிப்பது என்ன ருசியோ!

அக்கம்பக்கத்தில் இந்த ஓடுகளின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பாசடீனாவை ஒட்டிய அல்டடீனாவில் ஈட்டன் காட்டுத்தீ ஆயிரக்கணக்கான கட்டடங்களை எரித்தது. மரவீடுகள் சாம்பலாகிவிட்டன. பல மனைகளில் புகைபோக்கியும், அதன் அடியில் பேச்சல்டர் ஓடுகளும் மட்டும் நின்றன. சூளையை ஏற்கெனவே பார்த்த மண்ணாயிற்றே! ஆனால் இடிபாடு அள்ளும் எந்திரங்கள் வந்தால் குப்பையோடு குப்பையாகப் போய்விடும். ஆகவே தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடந்து, எந்தக் கணப்பில் ஓடு மிச்சமிருக்கிறது என்று பார்த்து வைத்தார்கள். கொத்து வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் திரும்பக் கட்டும்போது பதித்துக்கொள்ளலாம் என்று, காசு வாங்காமல்.