"என் ஜோக்கை சுட்டுட்டாங்க!" கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?

டெலிவிஷன் காமெடியைப் பார்த்து, "அட, இது நான் மேடையிலே சொன்ன ஜோக்காச்சே!" என்று கொதிக்கும் மதுரைக் கலைஞரா நீங்கள்? 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு தந்த தீர்ப்பைக் கேளுங்கள்.

நாடகமும் படமும்

பஞ்சாபி வீடும் மதராசி வீடும் காதலால் மோதும் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை எழுதியவர் ஆர்.ஜி.ஆனந்த். 1956-ல் வைஜெயந்திமாலா நடித்து வந்த 'நியூ டெல்லி' இந்திப் படம் தன் கதைதான் என்று வழக்குப் போட்டார்.

கரு ஒன்றுதான். ஆனால் வாடகை வீடு, வரதட்சணை என்று படம் வேறு பக்கம் போனது. ஆனந்த் தோற்றார்.

கரு யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொல்லும் விதத்துக்கே உரிமை என்றது கோர்ட்டு.

என்ன செய்யலாம்?

வசனத்தை எழுதி, தேதி போட்டு வையுங்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை. வரிக்கு வரி காப்பி அடித்தால், சென்னை கம்பெனி மீதும் மதுரையிலேயே வழக்குப் போடலாம்.

வாயாலே சொன்ன ஐடியாவுக்கு மட்டும் சாட்சி ஏது?