தொடை இடுக்கில் அரிப்பா? வெட்கப்பட்டு மறைக்காதீங்க!

களிம்பு தடவியும் திரும்பத் திரும்ப வருதா? சர்க்கரையைப் பாருங்க!

சென்னை.

மாலை 6 மணி. கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில். உள்ளே மூச்சு விட இடம் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கம்பியைப் பிடித்துத் தொங்கும் ஆசாமி நெளிகிறார். காலை மாற்றி மாற்றி வைக்கிறார். பை ஒன்றை முன்னால் பிடித்துக் கொள்கிறார்.

என்ன சங்கதி? அரிப்பு! சொறியவும் முடியாது. வெளியே சொல்லவும் முடியாது.

ரயிலை விட்டு இறங்கியதும் நேரே மருந்துக் கடை. குரலைத் தாழ்த்திப் பேச்சு நடக்கிறது.

"அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க."

"எங்கே சார் அரிப்பு?"

"அதெல்லாம் எதுக்கு? போன தடவை குடுத்தீங்களே, அதையே குடுங்க."

நகரத்தில் எந்த மருந்துக் கடையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. இரண்டு நாள் சுகம். அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி!

யார் இந்த ஆசாமி?

இடுக்கில் வரும் அரிப்பு எல்லாம் ஒரே நோய் அல்ல. அதில் அடிக்கடி வந்து உட்காரும் ஒரு கிருமிக்குப் பெயர் 'கேண்டிடா'. இது ஈஸ்ட் வகை பூஞ்சை. ரொட்டி மாவை உப்ப வைக்கிறதே ஈஸ்ட், அதற்குத் தூரத்துச் சொந்தம்.

எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள். பலருடைய வாயிலும் குடலிலும் இது எப்போதும் குடியிருக்கிறது. சாதாரண நாளில் பரம சாது. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால், உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தால், வாலை நீட்டிவிடும்.

எங்கே வரும்?

தோலும் தோலும் ஒட்டும் இடம்தான் இதற்குப் பிடித்த இடம். அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம், தொப்பை மடிப்பு, பிட்ட இடுக்கு. ஓயாமல் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு விரல் இடுக்கு. அதிலும் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வருவது அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தோல் பளீரென்று சிவக்கும். ஈரமாக, தோல் உரிந்தது போல இருக்கும். மடிப்பின் ஆழத்தில் வெள்ளையாக ஊறிப்போய் இருக்கும். சில சமயம் வெடிப்பும் விடும். அரிப்போடு எரிச்சலும் உண்டு. வியர்வை பட்டால் சுரீர் என்னும்.

முக்கிய அடையாளம் ஒன்று உண்டு. பெரிய சிவப்புத் திட்டுக்கு வெளியே, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகள், சீழ்க் கொப்புளங்கள் தனித்தனியாகத் தெரியும். தாய்க்கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் நிற்பது போல! இதைப் பார்த்தாலே தோல் டாக்டருக்கு முதல் சந்தேகம் கேண்டிடா மேல்தான்.

படர்தாமரை வேறு!

பலர் ஏமாறுவது இங்கேதான். படர்தாமரை வட்டமாகப் பரவும். ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும். நடுவில் ஆறியது போலத் தெரியும். அதுவும் பூஞ்சைதான். ஆனால் ஈஸ்ட் இல்லை, வேறு ஜாதி.

ஆண்களுக்கு ஒரு குறிப்பு. தொடை இடுக்கோடு விதைப்பையும் சிவந்து எரிந்தால் கேண்டிடாவாக இருக்க வாய்ப்பு அதிகம். படர்தாமரை பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும்.

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். படர்தாமரைக்குக் கொடுக்கிற எல்லா மாத்திரையும் ஈஸ்ட்டுக்குக் கேட்காது. 'கிரிசியோஃபல்வின்' என்ற பழைய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினாலும் கேண்டிடா அசையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான மருந்து உங்களுக்குக் குணம் தராததற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

தேமலும் ஈஸ்ட்தான்!

கழுத்து, மார்பு, முதுகில் திட்டுத் திட்டாக வருகிறதே தேமல், அதுவும் ஒரு ஈஸ்ட் செய்யும் வேலை. அதன் பெயர் 'மலாசீசியா'. எண்ணெய்ப் பசை உள்ள தோலில் சாதாரணமாகவே இருக்கும். வெயிலும் புழுக்கமும் வந்தால் தலை தூக்கும். திட்டு வெளிறியோ, பழுப்பாகவோ தெரியும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் மெல்லிய தவிடு போல உதிரும்.

தேமல் ஒட்டுவாரொட்டி அல்ல. கிருமி செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். "மருந்து வேலை செய்யலை" என்று அலைய வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லையா? அது தேமல் அல்ல. தொழுநோயாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள். அதற்கும் இன்று நல்ல மருந்து இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சர்க்கரை வியாதிக்காரர்கள். பட்டியலில் முதல் இடம் இவர்களுக்குத்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். எதிர்த்து நிற்கும் சக்தியும் குறைகிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் உதவியோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தனக்கு இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்களும் பலர். இந்த அரிப்புதான் சிலருக்கு முதல் மணி! சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புது ரக மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குப் பிறப்புறுப்பில் இந்தத் தொல்லை வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

பருமனானவர்கள். மடிப்பு அதிகம், காற்றுப் போக வழி இல்லை.

தண்ணீரில் வேலை செய்பவர்கள். ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். இவர்களுக்கு நகக்கண் ஓரம் வீங்கி வலிப்பதும் உண்டு. ஈரமும் சோப்பும் முதலில் தோலைக் கெடுக்கும். கேண்டிடா பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

கைக்குழந்தைகள். ஈரத் துணியை, டயப்பரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் தொடை மடிப்புக்குள் சிவந்து பொரி கிளம்பும்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்கள், கர்ப்பிணிகள், ஆன்டிபயாடிக் அதிக நாள் சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம்.

இறுக்கமான நைலான் உள்ளாடை, நாள் முழுதும் ஜீன்ஸ், ஈரம் காயாத துணி. இவையும் அழையா விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைக்கிற வேலைதான்.

'மூன்று இன் ஒன்று' ட்யூப் ஜாக்கிரதை!

ஆசாமி மருந்துக் கடையில் கேட்டு வாங்கினாரே, அந்த ட்யூப் பல சமயம் கலவைக் களிம்பாக இருக்கும். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், கூடவே ஸ்டீராய்டு. தடவியதும் அரிப்பு அடங்குகிறதே, அந்த மாயம் ஸ்டீராய்டு செய்வது. சிவப்பை மறைக்கும். உள்ளே பூஞ்சை சுகமாக வளரும். நாள் கணக்கில் தடவினால் தோல் மெலிந்து கோடு கோடாகக் கிழிந்தது போல் ஆகிவிடும். அந்தக் கோடு பிறகு போகாது.

இந்தக் கொடுமை தாங்காமல்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர்களே, சீட்டு கேளுங்கள். வாங்குகிறவர்களே, கோபப்படாதீர்கள்.

என்ன செய்யலாம்?

குளித்ததும் மடிப்புகளை ஒற்றி ஒற்றித் துடையுங்கள். தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்துங்கள். பருத்தி உள்ளாடை போதும். வியர்த்து நனைந்தால் மாற்றுங்கள். மடிப்பு ஒட்டினால் நடுவில் சுத்தமான மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். தண்ணீர் வேலை முடிந்ததும் விரல் இடுக்கைத் துடையுங்கள். பூண்டு அரைத்துத் தடவுவது, டெட்டால் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். புண்ணாகிவிடும்.

தோல் டாக்டர் மெல்லச் சுரண்டி எடுத்த தூளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஈஸ்ட்டா, படர்தாமரையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் மேல்பூச்சு மருந்தே போதும். ஆனால் அரிப்பு நின்றதும் ட்யூபை மூடி வைக்காதீர்கள். சொன்ன நாள் வரை தடவ வேண்டும்.

சீழ், காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, சர்க்கரைக்காரருக்குக் கால் விரல் இடுக்கில் வெடிப்பு: இவற்றில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

சென்னையில் அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அங்கே உங்களைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் அதே அரிப்புதான்!

கடைசியாக ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை வந்துவிட்டதா? இன்னொரு ட்யூப் வாங்க எடுத்த காசில் முதலில் சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பாருங்க. அரிப்பு தோலில்தான். காரணம் ரத்தத்தில் இருக்கலாம்.